எதிரே மூன்று பேர்: கமாண்டர் ஆட்டத்தின் கணக்கு

ஒரு மேசை, கமாண்டர் என்ற கார்டு விளையாட்டுக்கு உட்கார்ந்த நான்கு பேர். உட்கார்ந்திருக்கும் திசையை வைத்தே அவர்களை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று கூப்பிடுவோம். ஆட்டமும் அந்த வரிசையில்தான் சுற்றி வருகிறது. மூன்றாவது சுற்றில் வடக்கு இரண்டு நீல மானா (மானாதான் இந்த ஆட்டத்தின் காசு) செலவழித்து ‘தாஸாஸ் ஆரக்கிள்’ என்ற கார்டை இறக்குகிறார். யாரும் தடுக்கவில்லை. உடனே ஒரு கறுப்பு மானா கொடுத்து ‘டெமானிக் கன்சல்டேஷன்’ போடுகிறார். இது நிறைவேறினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது, வடக்கு ஜெயித்துவிடுவார்.

அதைத் தடுக்கும் கார்டு கிழக்கின் கையில் இருக்கிறது. மேற்கின் கையிலும் இருக்கிறது. தெற்கிடம் ஒன்றும் இல்லை. முதலில் பேச வேண்டியவர் கிழக்கு. அவர் நிதானமாக “பாஸ்” என்கிறார்.

கையில் மருந்தை வைத்துக்கொண்டு ஒருவர் ஏன் சும்மா இருக்க வேண்டும்? புதிதாக வருபவர்கள் திகைத்துப்போகிற இடம் இது. இதற்கு விடை தெரிந்துவிட்டால் நால்வர் ஆட்டத்தில் பாதி புரிந்த மாதிரி.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. ரம்மியில் நடுவில் இருக்கும் ஒரே கட்டிலிருந்துதான் எல்லோரும் எடுப்போம். டிரேடிங் கார்டு விளையாட்டில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தயாரித்துக்கொண்டு வருவார். அதற்கு டெக் என்று பெயர். எந்தக் கார்டை வைப்பது, எதை விடுவது என்று வீட்டில் யோசிக்கும்போதே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இந்த வகைக்கு முன்னோடி ‘மேஜிக்: த கேதரிங்’. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கியது, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. அதன் போட்டிகளில் பெரும்பாலும் இருவர் மோதுவார்கள்: குறைந்தது 60 கார்டு, ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி.

நான்கு பேர் ஆடும் ‘கமாண்டர்’ வடிவம் ரசிகர்களிடமிருந்து பிறந்தது. 1990களில் அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலியும் நண்பர்களும் தொடங்கினார்கள். ‘லெஜண்ட்ஸ்’ என்ற 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த ஐந்து மூத்த டிராகன்களைத் தலைவர்களாக வைத்து ஆடியதால் ‘எல்டர் டிராகன் ஹைலேண்டர்’ என்று பெயர். போட்டி நடுவரான ஷெல்டன் மெனெரி இதை உலகமெங்கும் கொண்டுபோனார். 2011இல் நிறுவனமே ‘கமாண்டர்’ என்ற பெயரில் தயார் டெக்குகளை விற்கத் தொடங்கியது.

விதிகள் சுருக்கமானவை. டெக்கில் சரியாக 100 கார்டு. அதில் ஒன்று உங்கள் தலைவர், அதாவது கமாண்டர். அவர் கட்டுக்குள் போகாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி தனியே இருப்பார். உங்கள் முறை வரும்போது விலையைக் கட்டி அவரை இறக்கலாம். செத்துத் திரும்பினால் அடுத்த முறை இரண்டு மானா கூடுதல். கமாண்டர் கார்டில் இருக்கும் நிறங்களைத் தாண்டி வேறு நிறக் கார்டு டெக்கில் நுழையக் கூடாது. அடிப்படை லேண்டுகள் தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கூடாது. லேண்ட் என்ற நிலக் கார்டை மேசையில் பக்கவாட்டில் சாய்த்தால் மானா கிடைக்கும். ஆளுக்கு 40 உயிர்ப் புள்ளி. ஒரே கமாண்டரிடம் மோதலில் 21 புள்ளி அடி வாங்கினாலும் அவுட்.

ஒன்றுக்கு ஒன்று என்ற நட்டக் கணக்கு

இருவர் ஆட்டத்தில் பழகியவர் இந்த மேசைக்கு வந்தால் முதலில் தடுமாறுவது கூட்டல் கழித்தலில். அங்கே 20 புள்ளியை வெட்டினால் வெற்றி. இங்கே மூவருக்கு 40 வீதம் 120. விறுவிறுவென்று சின்னச் சின்ன வீரர்களை இறக்கி அடித்து நொறுக்கும் டெக், முதல் ஆளை வீழ்த்துவதற்குள் மூச்சு வாங்கி நிற்கும். அதற்குள் மற்ற இருவரும் வேலையை முடித்திருப்பார்கள்.

அதைவிட நுட்பமானது கார்டுக் கணக்கு. இருவர் ஆட்டத்தில் என் ஒரு கார்டைச் செலவழித்து உங்கள் ஒரு கார்டை அழித்தால் எனக்கும் ஒன்று போயிற்று, உங்களுக்கும் ஒன்று போயிற்று, சமம். நால்வர் மேசையில் அதே காரியத்தைச் செய்தால், நம் இருவருக்கும் ஒவ்வொன்று போனது. மற்ற இருவருக்கும் சல்லிக் காசு நட்டமில்லை. நாம் கட்டிப் புரண்டு அவர்களை முன்னால் தள்ளிவிட்டோம்.

‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’ என்ற புகழ்பெற்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் வந்தது. கைவசம் மானாவே இல்லாவிட்டாலும், ஒரு உயிர்ப் புள்ளியையும் கையிலிருக்கும் இன்னொரு நீலக் கார்டையும் பலி கொடுத்து யார் போடுவதையும் தடுக்கலாம். உயிர் காக்கும் கார்டுதான். ஆனால் தடுத்தவருக்கு இரண்டு கார்டு காலி, தடுக்கப்பட்டவருக்கு ஒன்று காலி, காப்பாற்றப்பட்ட மற்ற இருவருக்கும் செலவே இல்லை. மேசையைக் காப்பாற்றுபவர்தான் அதிகம் இழக்கிறார். கிழக்கின் கையில் இருந்தது இந்தக் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஏன் “பாஸ்” சொன்னார் என்பது விளங்கத் தொடங்கும்.

எந்தக் கார்டு லாபம்?

எதிரே மூன்று பேர் இருப்பதால் சில கார்டுகளின் மதிப்பு தானாகவே மும்மடங்காகிறது. டெக் கட்டும்போது நான் முதலில் தேடச் சொல்வது இவற்றைத்தான். ‘ரிஸ்டிக் ஸ்டடி’ 2000இல் வந்த மூன்று மானா நீலக் கார்டு. அது மேசையில் இருக்கும்வரை, எதிராளி எவராவது ஒரு கார்டை இறக்கும்போது கூடுதலாக ஒரு மானா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நீங்கள் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். இருவர் ஆட்டத்தில் ஒருவர் மட்டும் யோசித்து யோசித்துக் கட்டிவிடுவார். நால்வர் மேசையில் மூவருக்கும் அவசரம். யாராவது ஒருவர் கட்டாமல் விடுவார். “ஒன்று கட்டுகிறீர்களா?” என்று ஆட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான், கை நிரம்பிக்கொண்டே இருக்கும். நம் மேற்கு அப்படித்தான் கை நிறையக் கார்டுகளோடு உட்கார்ந்திருக்கிறார்.

கமாண்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே பார்வைதான். ‘டிம்னா த வீவர்’, ‘க்ராம், லுடெவிக்ஸ் ஓப்பஸ்’ இருவரும் 2016ஆம் ஆண்டுத் தயார் டெக்குகளில் வந்தவர்கள். ‘பார்ட்னர்’ என்ற விதிப்படி இருவரையும் சேர்த்தே தலைவர்களாக வைக்கலாம். ஒரு சுற்றில் எத்தனை எதிராளிகளுக்கு உங்கள் வீரர்கள் அடி கொடுத்தார்களோ அத்தனை உயிர்ப் புள்ளி கட்டி அத்தனை கார்டு எடுக்க டிம்னா விடுகிறார். எதிராளி எவராவது ஒரே ஆளின் முறைக்குள் இரண்டாவது கார்டைப் போடும்போதெல்லாம் க்ராம் உங்களுக்கு ஒரு கார்டு தருகிறார். எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் இரண்டுமே சுமார்தான். மூவர் இருந்தால் கார்டு மழை. இந்த ஜோடியை வைத்துக் கட்டும் ‘ப்ளூ ஃபார்ம்’ டெக் போட்டி மேசைகளில் அசைக்க முடியாத இடம் பிடித்ததற்கு இந்த எளிய பெருக்கல் ஒரு பெரிய காரணம்.

100இல் ஒன்றைத் தேடுவது

ஒரு கார்டு ஒன்றுதான் என்ற விதி டெக் கட்டுபவரைப் பாடாய்ப் படுத்தும். கமாண்டர் போக கட்டில் 99 கார்டு. தொடக்கக் கையில் ஏழு. நீங்கள் நம்பியிருக்கும் ஒரு குறிப்பிட்ட கார்டு அந்த ஏழில் வர வாய்ப்பு 7 சதவீதம்தான். 60 கார்டு டெக்கில் அதே கார்டை நான்கு பிரதி வைத்தால் வாய்ப்பு 40 சதவீதம். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ‘டியூட்டர்’ எனப்படும் தேடல் கார்டுகள். இரண்டு மானாவில் ‘டெமானிக் டியூட்டர்’ கட்டிலிருந்து எந்தக் கார்டையும் கைக்குக் கொண்டுவரும். ஒரு மானாவில் ‘வாம்பைரிக் டியூட்டர்’ அதைக் கட்டின் மேலே வைக்கும். உங்கள் முக்கியக் கார்டும் ஏழு டியூட்டர்களும் சேர்ந்து எட்டு என்றால், ஏழு கார்டுக் கையில் அவற்றில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். 7 எங்கே, 46 எங்கே!

மானாவுக்கும் இதே அக்கறை வேண்டும். சாதாரண மேசைக்கு 36 முதல் 38 லேண்ட் வைப்பது வழக்கம். போட்டி டெக்குகள் 30க்கும் கீழே இறங்கி, மிச்சத்தை மலிவான மானாக் கற்களால் ஈடுகட்டும். ஒரு மானாவில் இறங்கிச் சாய்க்கும்போதெல்லாம் இரண்டு மானா தரும் ‘சோல் ரிங்’ அதற்கு உதாரணம். புதியவர்கள் போட்டி டெக்கைப் பார்த்து லேண்டை மட்டும் குறைத்துவிட்டு, கற்களை வைக்க மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் சுற்றில் ஒரே ஒரு லேண்டோடு உட்கார்ந்து மற்ற மூவர் ஆடுவதை வேடிக்கை பார்ப்பதைப் போல வேதனை இந்த ஆட்டத்தில் வேறில்லை.

120 புள்ளியை அடித்து வெட்ட முடியாது என்றால் ஜெயிப்பது எப்படி? ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இரண்டு மூன்று கார்டுகளால், மூவரையும் ஒரே வீச்சில். இதற்குக் காம்போ என்று பெயர். காம்போவின் உள்ளே நடப்பதைக் காட்ட மிக எளிய ஒன்று போதும். ‘பசால்ட் மோனோலித்’ ஒரு கல். சாய்த்தால் மூன்று மானா தரும். தானாக நிமிராது, நிமிர்த்த மூன்று மானா கட்ட வேண்டும். வரவும் செலவும் சரி, பயனில்லை. ஆனால் உங்கள் கமாண்டர் ‘கின்னன், பாண்டர் ப்ராடிஜி’ என்றால், லேண்ட் அல்லாத எதைச் சாய்த்து மானா எடுத்தாலும் அவர் ஒன்று கூட்டித் தருவார். இப்போது வரவு நான்கு, செலவு மூன்று, கையில் ஒன்று மிச்சம். சாய், நிமிர்த்து, சாய், நிமிர்த்து… எத்தனை மானா வேண்டுமோ அத்தனை. காம்போவின் ஒரு பாதி எப்போதும் கமாண்டராகக் கண்முன்னே இருப்பதால் தேட வேண்டியது ஒரே ஒரு கல்.

இனி நம் மேசைக்குத் திரும்பலாம். வடக்கு போட்ட ஆரக்கிள் மேசைக்கு வந்ததும் அதன் திறன் ஒன்று கிளம்பும். உங்கள் கட்டில் மீதமுள்ள கார்டுகளின் எண்ணிக்கை, மேசையிலுள்ள உங்கள் கார்டுகளின் விலையில் இருக்கும் நீலக் குறிகளின் எண்ணிக்கையைத் தாண்டாவிட்டால், நீங்கள் ஜெயித்தீர்கள் என்பதே அது. அந்தத் திறன் நிறைவேறக் காத்திருக்கும்போதே வடக்கு கன்சல்டேஷனைப் போடுகிறார். தட்டுகளை அடுக்கினால் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுப்போம், அதுபோல இந்த ஆட்டத்தில் கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். ஒரு கார்டின் பெயரைச் சொன்னால், அந்தப் பெயர் வரும்வரை கட்டை மேலிருந்து புரட்டி மற்றதையெல்லாம் ஆட்டத்தை விட்டே அகற்றுவதுதான் கன்சல்டேஷனின் வேலை. டெக்கிலேயே இல்லாத பெயரைச் சொன்னால் கட்டு முழுக்கக் காலி. காலியான பின் ஆரக்கிளின் திறன் நிறைவேறும். பூஜ்யம் எதையும் தாண்டாது. மொத்தச் செலவு மூன்று மானா.

கன்சல்டேஷனைத் தடுத்துவிட்டால் வடக்கின் திட்டம் அந்த நிமிடத்தில் உடைந்துபோகும். யார் தடுப்பது?

வாய் திறக்கும் வரிசை

யார் எதைப் போட்டாலும், போட்டவரிலிருந்து வரிசையாக ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும் வாய்ப்பு வரும். நால்வரும் அடுத்தடுத்துப் பாஸ் சொன்னால்தான் அது நிறைவேறும். வடக்கு போட்டதால் அடுத்து கிழக்கு, பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. இந்தக் கடைசி இடம்தான் சுமை. கிழக்கு பாஸ் சொல்லும்போது அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் இருக்கிறார்கள். மேற்கு பாஸ் சொன்னாலோ அதற்குப் பிறகு யாரும் இல்லை, ஆட்டம் போச்சு. ஆகவே மேற்கிடம் மருந்து இருந்தால் அவர் கொடுத்தே ஆக வேண்டும். ரிஸ்டிக் ஸ்டடியால் மேற்கின் கை நிரம்பி வழிவதைக் கிழக்கு கவனித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு கார்டில் ஒரு தடுப்பு இல்லாமலா போகும் என்று கணக்குப் போட்டுத் தன் கார்டைப் பத்திரப்படுத்தினார்.

மேற்குக்கு ஒரு வழி உண்டு. அந்த நேரத்தில் போடக்கூடிய ஏதாவது ஒரு சின்னக் கார்டு அவரிடம் இருந்தால், அதைப் போடுவதோடு வரிசை மறுபடி தொடங்கும். கிழக்குக்கு இரண்டாம் முறை வாய்ப்பு வரும். “என்னால் முடியாது, உங்களிடம் இருந்தால் இப்போதே போடுங்கள்” என்று மேற்கு வாய்விட்டுக் கேட்கலாம். அதை நம்புவதும் நம்பாததும் கிழக்கின் பாடு. கிழக்கு மறுபடியும் பாஸ் சொன்னால், சுற்றி வந்து கடைசிச் சொல் மேற்கிடமே நிற்கும். இரண்டு பேருமே வீம்பு பிடித்தால் வடக்கு சிரித்துக்கொண்டே எழுந்துபோவார். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நொடிகள் இவை. கார்டில் எழுதியிருப்பதைவிட எதிரே இருப்பவரின் முகத்தைப் படிப்பதற்கு அதிக மதிப்பு வந்துவிடுகிறது.

இதிலிருந்தே இன்னொரு பாடமும் கிடைக்கிறது. ஒவ்வொரு எதிராளியிடமும் தடுப்பு இருக்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருவர் ஆட்டத்தில் உங்கள் காம்போ 60 சதவீதம் தப்பிக்கும். மூவரைத் தாண்ட வேண்டுமென்றால் 0.6 பெருக்கல் 0.6 பெருக்கல் 0.6, வெறும் 22 சதவீதம். ஆகவே முதலில் பாய்கிறவரைவிட, அவரைத் தடுத்துத் தடுத்து எல்லோர் கையும் காலியான பின் பாய்கிறவருக்கே வழி திறந்திருக்கும். மேற்கு தன் கார்டைச் செலவழித்த கணத்தில் கிழக்கின் நிலை என்ன என்று பாருங்கள்: வடக்கு ஓய்ந்துவிட்டார், மேற்கின் தடுப்பு போய்விட்டது, கிழக்கின் தடுப்பு அவர் கையிலேயே இருக்கிறது, அடுத்த முறையும் அவருடையது.

போட்டி டெக்குகளை மூன்று பெரிய வகையாகச் சொல்வார்கள். டர்போ, மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே பாயப் பார்க்கும். மிட்ரேஞ்ச், கிழக்கு போலக் கார்டு சேர்த்துக்கொண்டு, பிறரைத் தடுத்துக்கொண்டு, இரண்டாவதாகப் பாயும். ப்ளூ ஃபார்ம் இந்த வகை. ஸ்டாக்ஸ் மேசைக்கே பூட்டுப் போடும். ‘ரூல் ஆஃப் லா’ இறங்கினால் ஒவ்வொரு ஆளின் முறையிலும் ஒருவர் ஒரு கார்டுதான் போட முடியும். உங்கள் ஒரு கார்டு மூவரைக் கட்டிப்போடுகிறது என்பதால் கணக்குப்படி இது லாபம். ஆனால் பூட்டுப் போட்டவர்மேல் மூவருக்கும் ஒருசேரக் கோபம் வரும், ஆட்டமும் நீளும். முதல் டெக்காக ஸ்டாக்ஸை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எந்தக் கதவை எப்போது பூட்டுவது என்று தெரிய, மற்ற டெக்குகள் எந்தக் கதவு வழியாக வரும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ள வருபவர் மனத்தில் இருத்த வேண்டிய எண் ஒன்று உண்டு: 25 சதவீதம். நால்வரும் சம திறமை என்றால் நான்கு ஆட்டத்தில் ஒன்றுதான் உங்களுடையது. மூன்று தோற்று ஒன்று ஜெயித்தால் நீங்கள் சரியாகவே ஆடுகிறீர்கள். இது தெரியாமல் நல்ல டெக்கைக் கலைத்துப் போட்டவர்கள் நிறையப் பேர்.

எங்கே தொடங்குவது? கடையில் கிடைக்கும் தயார் டெக் ஒன்று போதும். 2025 பிப்ரவரியில் விசார்ட்ஸ் நிறுவனம் டெக்குகளின் வலுவை ஐந்து படிகளாகப் பிரித்து அறிமுகப்படுத்தியது. ஐந்தாம் படிதான் நாம் மேலே பார்த்த முழுப் போட்டி ஆட்டம். ரிஸ்டிக் ஸ்டடி, ஆரக்கிள், ஃபோர்ஸ் ஆஃப் வில், டெமானிக் டியூட்டர் எல்லாம் ‘கேம் சேஞ்சர்’ என்ற தனிப் பட்டியலில் வந்தன; முதலிரண்டு படிகளில் அவற்றுக்கு இடமில்லை, மூன்றாம் படியில் அதிகபட்சம் மூன்று. உட்காருமுன் “எந்தப் படி டெக்?” என்று நால்வரும் பேசிக்கொள்ளுங்கள். விலையைக் கண்டு மலைக்க வேண்டாம். நிறுவனம் 1996இல் அறிவித்த ‘ரிசர்வ்ட் லிஸ்ட்’ காரணமாகச் சில பழைய கார்டுகள் மறுபடி அச்சாவதே இல்லை, விலையும் தாறுமாறு. அதனாலேயே அதிகாரபூர்வம் அல்லாத பல போட்டி மேசைகளில் அச்செடுத்த மாற்றுக் கார்டுகளை ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய டெக் பட்டியலைப் பார்த்துக் கட்டும்போது மட்டும் கவனம்: மானா க்ரிப்ட், ஜ்வெல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் மூன்றும் 2024 செப்டம்பர் 23 அன்று தடைசெய்யப்பட்டன.

டெக் கைக்கு வந்ததும் யாரையும் கூப்பிடுவதற்கு முன் தனியாக உட்காருங்கள். நன்றாகக் கலைத்து ஏழு கார்டு எடுங்கள். பிடிக்கவில்லையென்றால் மறுபடி கலைத்து ஏழு எடுக்கலாம். பலர் ஆடும் ஆட்டத்தில் முதல் மாற்றுக்கு அபராதம் கிடையாது. எதிரே யாரும் இல்லாமலே நான்கு சுற்று ஆடிப் பாருங்கள்: எந்தச் சுற்றில் கமாண்டர் இறங்கினார், எந்தச் சுற்றில் மானா இல்லாமல் நின்றது, எந்தக் கார்டு கையிலேயே தூங்கியது. இதைப் பத்து முறை செய்து ஒரு தாளில் குறியுங்கள். பத்தில் நான்கு முறை மூன்றாம் சுற்றில் மூன்றாவது லேண்ட் வரவில்லை என்றால், கையிலேயே தூங்கிய கார்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு இரண்டு லேண்ட் சேருங்கள். மறுபடி பத்து முறை கலையுங்கள்.